செயலாளர் ஆண்டறிக்கை: ஒருவர் சொன்னதும் மற்றவர் கேட்டதும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர்கள் சிலர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்று தொடங்கியதுதான் நம் சங்கம். இந்த ஆண்டும் பெரும்பாலான மாதங்களில் கூடினோம், மழை பிடித்துக்கொண்ட நாட்களில் மட்டும் கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் அதை விட்டுவிட்டு இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய விஷயத்துக்கு, அதாவது ஒரு கண்ட்ரோலர் சொல்லவேண்டியது இன்னொருவருக்குப் போய்ச் சேராமல் போவதற்கு, வந்துவிடுகிறேன்.

தொடங்கி வைத்தது நம் உறுப்பினர் ஒருவரின் மகள். அவரும் இப்போது கண்ட்ரோலர். ஒருநாள் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, "மழை மேகத்துக்காக எல்லா விமானமும் ரூட்டை விட்டு விலகும்போது ஃப்ரீக்வென்சியில் மூச்சுவிட நேரமில்லை அங்கிள், பக்கத்து சென்டருக்குச் சொல்லவேண்டிய லெவல் மாற்றம் விட்டுப்போகுமோன்னு பயமா இருக்கு, நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். அதற்கு உடனே பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. அதனாலேயே அடுத்த பல கூட்டங்களுக்கு அதுதான் பொருளானது.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சென்டர் என்பது ஒரு பெரிய வான்வெளியைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம், லெவல் என்பது விமானம் பறக்கும் உயரம், ஃப்ரீக்வென்சி என்பது பைலட்டோடு பேசும் ரேடியோ அலைவரிசை. சென்னை சென்டர் கையாளும் வங்கக்கடல் வான்வெளியில் கிழக்கே போகும் விமானம் கோலாலம்பூர் எல்லையைத் தொடும் முன்பே, இத்தனை மணிக்கு இந்தப் புள்ளியில் ஃப்ளைட் லெவல் 350-ல், அதாவது 35,000 அடியில் வருகிறது என்று எஸ்டிமேட் கொடுத்துவிடுவோம். கொடுத்த பிறகு பைலட் 370 கேட்கிறார், நாமும் கொடுத்துவிடுகிறோம். இந்த மாற்றத்தை அடுத்த சென்டருக்குச் சொல்லாமல் விட்டால், அவர்கள் கணக்கில் 370 காலியாகவே இருக்கும். இப்போது அந்த உயரங்களில் ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் 1,000 அடிதான் இடைவெளி என்பதால், எதிர்பார்த்த லெவலிலிருந்து 300 அடி விலகினாலே அறிக்கை அனுப்பவேண்டும். நம் பக்கத்து வான்வெளியில் வரும் இந்த அறிக்கைகளில் பைலட் தவறைவிட, ஒரு சென்டர் இன்னொரு சென்டருக்குச் சொல்லாமல் விட்டதும் தப்பாகச் சொன்னதும்தான் மிகுதி. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் செய்தி போகும் வசதி வந்த பிறகு நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் கடைசி நேர மாற்றம் இன்னும் பல இடங்களில் ஹாட்லைன் என்ற நேரடி போனில் வாயால் சொல்வதாகவே இருக்கிறது.

இரண்டு கூட்டங்களை முழுக்க எடுத்துக்கொண்டது 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே நடந்த மோதல். மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன டுபோலேவ் விமானமும், பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன டிஹெச்எல் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். இரண்டும் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் சென்டர் கையில் இருந்தன. இரவு ஷிஃப்ட்டில் இருந்த இரண்டு கண்ட்ரோலர்களில் ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார். அது அங்கே பல காலமாக நடந்து வந்த வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரியும். மிச்சமிருந்த ஒருவர் இரண்டு திரைகளுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து வேலை பார்த்தார். அந்த நேரத்தில் தாமதமாக வந்த ஒரு ஏர்பஸ் விமானத்தை ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமான நிலையத்தில் இறக்கவேண்டும், அதற்கு அங்குள்ள கண்ட்ரோல் டவருக்குப் போன் போடவேண்டும். பராமரிப்பு வேலைக்காக முக்கிய போன் நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று லைனும் பழுது. அதே பராமரிப்பால் திரையில் வரவேண்டிய மோதல் எச்சரிக்கையும் வரவில்லை. பக்கத்தில் கார்ல்ஸ்ரூஹே சென்டரில் ஒரு கண்ட்ரோலர் ஆபத்தைப் பார்த்துவிட்டு ஜூரிக்கைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், லைன் கிடைக்கவே இல்லை.

ஜூரிக் கண்ட்ரோலர் கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. டுபோலேவை இறங்கச் சொன்னார். அதிலிருந்த டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியோ ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தின் கருவி இறங்கச் சொன்னது. இரண்டும் இறங்கின. அதற்குப் பிறகுதான் கருவி சொல்வதும் கண்ட்ரோலர் சொல்வதும் முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் பைலட் கேட்கவேண்டும் என்று சர்வதேச விதிகள் தெளிவாக எழுதப்பட்டன. அந்தக் கண்ட்ரோலரை 2004-ல், அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் இழந்த ஒருவர், கண்ட்ரோலரின் வீட்டு வாசலிலேயே கொன்றார். இதைச் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. 2007-ல் ஸ்விஸ் நீதிமன்றம் ஜூரிக் சென்டரை நடத்திய நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒருவரைத் தனியாக உட்காரவைத்த முடிவு அந்தத் திரைக்கு முன்னால் எடுத்ததில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் 1991 பிப்ரவரி 1 அன்று நடந்தது வேறு மாதிரி. டவர் கண்ட்ரோலர் ஒரு சிறிய விமானத்தை ரன்வே 24 லெஃப்டில் காத்திருக்கச் சொன்னார். அப்புறம் ஃப்ரீக்வென்சியை விட்டுப் போயிருந்த வேறொரு விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தார், இன்னொன்றின் ஸ்ட்ரிப், அதாவது விமான விவரம் உள்ள காகிதத் துண்டு, அவர் மேஜைக்கு வரவே இல்லை, அதையும் தேடினார். அதற்கிடையே ரன்வேயில் ஒரு விமானம் நிற்பது மனதிலிருந்து போய்விட, அதே ரன்வேயில் போயிங் 737 விமானம் ஒன்றுக்கு இறங்க அனுமதி கொடுத்துவிட்டார். 35 பேர் இறந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் கைமாறாத விஷயம் இது.

என் கதையையும் கூட்டத்தில் சொன்னேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். மாலை நெரிசலில் பக்கத்து செக்டரிலிருந்து, அதாவது வான்வெளியின் அடுத்த பகுதியைப் பார்ப்பவர்களிடமிருந்து, ஹாட்லைனில் ஒரு லெவல் மாற்றம் சொன்னார்கள், அதே நேரம் என் காதில் ஒரு பைலட் பேசிக்கொண்டிருந்தார், நான் "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரிப்பில் எழுதவில்லை. சொன்னவர் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறார், எனக்கோ அது காதில் விழுந்ததே நினைவில்லை. சில நிமிடம் கழித்து ரேடாரில் இரண்டு விமானங்கள் ஒரே லெவலில் நெருங்குவதைப் பார்த்து ஒன்றைத் திருப்பினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு தூங்கவில்லை.

தீர்வு என்று பேசும்போது கருத்து பிரிந்தது. ரீட்பேக்கை, அதாவது கேட்டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதை, ஒழுங்காக வாங்கினால் போதும், எல்லாம் ஒழுக்கத்தில் இருக்கிறது என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். ரீட்பேக் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பன்னிரண்டு விமானத்தை ஒருவர் தலையில் வைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெரிசல் வந்தால் ஒருவர் முதலில் விடுவது பக்கத்து ஆளிடம் சொல்வதைத்தான், ஏனென்றால் பைலட் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார், பக்கத்து சென்டர் கூப்பிடாது. அதனால் பக்கத்து சென்டர்களோடு பேசுவதைப் பார்த்துக்கொள்ளும் பிளானர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், செக்டரை நெரிசல் வந்த பிறகு பிரிக்காமல் வரும் என்று தெரிந்தபோதே பிரிக்கவேண்டும். பிரிப்பதே ஒரு ஹேண்டோவர், பொறுப்பை இன்னொருவர் கைக்கு மாற்றுவது, அதுவே ஐந்து நிமிட வேலை, மூழ்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது. ஷிஃப்ட் மாற்றும்போது எழுந்தவர் உடனே கேன்டீனுக்குப் போகாமல் சில நிமிடம் பின்னால் நின்று பார்க்கவேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். "பேனா நகராமல் வாய் சரி சொல்லக்கூடாதுடா" என்று எனக்குச் சொன்னவர் அவர்தான், நான் மேலே எழுதிய அந்த மாலைக்கு மறுநாள். அவர் வீட்டார் அவருடைய பழைய பயிற்சிக் குறிப்பேடுகளைச் சங்கத்துக்குத் தந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பேடுகளிலிருந்து ஹேண்டோவர் பகுதிகளை எடுத்து, பணியில் இருக்கும் இளையவர்கள் மூன்று நான்கு பேரை அழைத்து உட்கார எண்ணம். கேள்வி கேட்ட அந்தப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தேதி குறிக்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.