பன்றிச் சோதனை மட்டும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்புரத) மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2025 ஏப்ரல் அறிவிப்பு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். குறைக்கட்டும், சரி. ஆனால் முதல் டோஸிலேயே வரும் போலி ஒவ்வாமை (அலர்ஜி போலவே தோன்றும், ஆனால் வழக்கமான அலர்ஜி அல்ல) வேறு ரகம். ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் எனும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் தூண்டப்பட்டு, சில நிமிடங்களில் மூச்சு திணறும். லிப்போசோம் மருந்துகளில் (நுண்ணிய கொழுப்புக் குமிழியில் அடைத்தவை) இதை எலி எளிதில் காட்டாது. பன்றிக்கோ மிகச் சிறிய அளவிலேயே நுரையீரல் ரத்த அழுத்தம் எகிறிவிடும், கொஞ்சம் மிகையாகவே.

கீமோ வார்டு செவிலியர் நான். ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் போட்டும், பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து ஏறத் தொடங்கியதும் முகம் சிவந்து “நெஞ்சை அடைக்குது சிஸ்டர்” என்பவர்கள் உண்டு. மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் ஆமணக்கெண்ணெய்ச் சேர்மமே பெரும்பாலும் காரணம். எனவே நரம்பில் ஏற்றும், லிப்போசோம் போன்ற நானோ மருந்துகளுக்காவது, மனித ரத்தத்தில் ஆய்வகச் சோதனை முடித்தபின் பன்றிச் சோதனையையும் கட்டாயமாக்கலாம்.

- ஒரு செவிலியர், மதுரை