டையைக் கழற்ற அனுமதி உண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் அலுவலகத்துக்கு எளிமையாக, வசதியாக உடுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். வெளிர் நிறம், தளர்வான தையல், பருத்தித் துணி, எல்லாம் சரி. ஆனால் எதைப் போடுவது என்று முடிவு செய்யும் உரிமை போடுகிறவரிடம் இருந்தால்தானே இதெல்லாம்? வேலூரில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனக் கிளையில் வேலை பார்க்கிறேன். முழுக்கைச் சட்டை, அதை உள்ளே விட்டு பெல்ட், சாக்ஸ், ஷூ. வாடிக்கையாளரைப் பார்க்கப் போனால் டை. மார்கழியிலும் இதுதான், கத்திரி வெயிலிலும் இதுதான்.

கேட்டால், "அதான் ஏசி இருக்கே" என்கிறார்கள். ஏசி இருப்பது கிளைக்குள். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் மதியம் 2 மணிக்கு பைக்கில் போகிறவனுக்கு அது எதற்கு? எங்களைவிட மெடிக்கல் ரெப்களின் பாடு மோசம். டையும் கட்டிக்கொண்டு, கனமான பையையும் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறார்கள். சில தனியார் பள்ளிகளில் ஆசிரியைகள் சேலைக்கு மேல் கோட்டு வேறு போட வேண்டும். மின்விசிறி மட்டுமே சுற்றும் வகுப்பறையில் அந்தக் கோட்டு யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிறுவனம் கொடுக்கும் சீருடைத் துணியில் பாலியெஸ்டர்தான் அதிகம். கசங்காது, சாயம் போகாது, விலையும் குறைவு. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, முதுகோடு ஒட்டிக்கொண்டு காற்றையும் விடாது. பருத்தி கசங்கும் என்பது உண்மைதான். ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்தால் காலை 10 மணிக்கே சட்டை நேற்றுப் போட்டது போல இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! பெண்களுக்கு ஒன்று சொல்லலாம்: பருத்திக் குர்த்தா என்று வாங்கினாலும் உள்ளே தைத்திருக்கும் லைனிங் எந்தத் துணி என்று பாருங்கள். பல நேரம் அது பருத்தியாக இருப்பதில்லை.

மரியாதைக்குறைவு என்ற வாதமும் எடுபடாது. 2019இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியிலேயே ஆண்களுக்கு வேட்டிக்கு இடம் உண்டு. வழக்கறிஞர்களுக்கும், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஜப்பானில் 2005இல் 'கூல் பிஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கோடையில் டை வேண்டாம், கோட்டு வேண்டாம், ஏசியை 28 டிகிரியில் வையுங்கள் என்றார்கள். பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். எங்கள் கிளையில் ஏசி 18இல் ஓடுகிறது. கோட்டு சூட்டுக்காரர்களுக்கு அது இதமாக இருக்கும். கவுண்ட்டரில் இருக்கும் அக்காமார் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மே மாதத்தில்! ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது.

வாடிக்கையாளர் மதிக்கமாட்டார் என்று மேலாளர்கள் பயப்படுகிறார்கள். குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் பாலிசி விஷயமாகப் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "மொதல்ல அந்த டையக் கழட்டுங்க தம்பி, பாக்குற எனக்கே வேர்க்குது" என்றார். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை டை வேண்டாம், அரைக்கைச் சட்டை போதும், வெளியே அலைகிறவர்கள் ஷூவுக்குப் பதில் தோல் செருப்பு போடலாம் என்று நிறுவனங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சீருடை கட்டாயம் என்றால் அதைப் பருத்தியில் கொடுக்கட்டும்.

சலுகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் கிளையில் சனிக்கிழமைகளில் டீ-சர்ட் போடலாம். நிறுவனத்தின் பெயர் அச்சடித்து அவர்களே கொடுத்தது, சுத்தமான பாலியெஸ்டர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர்