ட்ரோன்களை எண்ணுவதற்கு முன் அவற்றின் உதிரிபாகங்களைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளில்லா விமானங்கள் ராணுவத்தில் பெற்றுவரும் இடம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாகச் செய்திகளும் கட்டுரைகளும் தொடர்ந்து வெளிவருகின்றன. எத்தனை வாங்கப்படுகின்றன, எந்த நாட்டிலிருந்து வருகின்றன, விலை என்ன என்பதையெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் மோட்டாரையும் காந்தத்தையும் பேட்டரியையும் யார் செய்கிறார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. கோவையில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருபவன் என்ற முறையில், நம் பாதுகாப்புத் திட்டமிடல் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் கருதுவதன் காரணங்களை முன்வைக்க விரும்புகிறேன்.

2020 செப்டம்பர் 27 முதல் 44 நாட்கள் நடந்த நாகோர்னோ-கராபாக் போரில், அஜர்பைஜான் பழைய ஆன்டனோவ் ஆன்-2 விமானங்களை விமானி இல்லாமல் பறக்கவிட்டது. அவற்றைச் சுட முயன்ற ஆர்மீனிய வான்பாதுகாப்பு நிலைகள் எங்கே மறைந்திருக்கின்றன என்பதை அப்படிக் கண்டறிந்து, துருக்கியின் பைரக்தார் டிபி2 விமானங்களாலும் இஸ்ரேலின் ஹாரோப் தற்கொலை ட்ரோன்களாலும் அவற்றை அழித்தது. பைரக்தார் இல்லாத ராணுவம் பின்தங்கிய ராணுவம் என்ற பேச்சு அதன்பின் பல நாடுகளில் எழுந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோதும் முதல் சில வாரங்களில் அதே பைரக்தார் ரஷ்ய வாகன அணிகளைத் தாக்கிப் பெயர் வாங்கியது. ரஷ்யர்கள் தங்கள் வான்பாதுகாப்பைச் சீர்செய்துகொண்டதும் போர்முனையில் அதன் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. அந்த இடத்துக்கு, கண்ணில் மாட்டிய திரையில் கேமரா காட்சியைப் பார்த்தபடி இயக்கும் சிறிய எஃப்பிவி ட்ரோன்கள் வந்தன. அவற்றின் ரேடியோ தொடர்பை முடக்கும் ஜாமர்கள் வந்தன. ட்ரோன் செய்தவர்கள் அலைவரிசையை மாற்றினார்கள். ஜாமர் செய்தவர்கள் புதிய அலைவரிசையையும் முடக்கினார்கள். இறுதியில் ரேடியோவே வேண்டாம் என்று, பத்து, இருபது கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஃபைபர் கேபிளைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களை ரஷ்யா களமிறக்கியது, உக்ரைனும் அதைப் பின்பற்றியது.

இந்த வரிசையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே இருந்தது சில மாதங்கள்தான் என்பதைத் திட்டமிடுவோர் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். உக்ரைன் மாதந்தோறும் ஏறத்தாழ 10,000 ட்ரோன்களை இழப்பதாக லண்டனைச் சேர்ந்த ரூசி ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அடுத்த ஓராண்டில் பத்து லட்சம் ட்ரோன்களைச் செய்யப்போவதாக அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தார். மாதம் 10,000 அழியும் ஒரு பொருளைப் போர் விமானத்தைப் போல ஆண்டுக்கணக்கில் பேரம் பேசி வாங்கி, முப்பது ஆண்டுகள் பராமரிக்கும் முறையில் திட்டமிட முடியாது. சிறு ட்ரோன்களை விமானக் கணக்கிலிருந்து எடுத்து, தோட்டாவும் பீரங்கிக் குண்டும் இருக்கும் கணக்கில் வைக்க வேண்டும். தோட்டாவுக்கு நாம் கேட்கும் முதல் கேள்வி, போர் நீடித்தால் எத்தனை நாளைக்குத் தொடர்ந்து செய்து தர முடியும் என்பதுதான். ட்ரோனுக்கும் அதையே கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியும் இல்லை. 2021 ஜூன் 27 அன்று அதிகாலையில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது சிறிய ட்ரோன்கள் வந்து வெடிகுண்டுகளைப் போட்டுவிட்டுச் சென்றன. சேதம் சிறியது, ஆனால் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, ஆபரேஷன் சிந்தூரைத் தொடர்ந்து 2025 மே 8 இரவில், லே முதல் குஜராத்தின் சர் கிரீக் வரை 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்கள் வரை பாகிஸ்தான் அனுப்பியதாக நம் அரசு தெரிவித்தது. அவற்றுள் பலவற்றை வீழ்த்தியவை எல்-70 போன்ற பழைய விமான எதிர்ப்புப் பீரங்கிகள் என்பது எனக்குப் பெரும் மனநிறைவைத் தந்த செய்தி. காலாவதியானவை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்படவிருந்த அந்தப் பீரங்கிகளுக்குப் புதிய ரேடாரும் கேமராவும் மின்னணு இயக்கமும் பொருத்தி நம் பொறியாளர்கள் உயிர்கொடுத்திருந்தார்கள். சில லட்சம் ரூபாய் ட்ரோனை வீழ்த்தப் பல கோடி ரூபாய் ஏவுகணையைச் செலவிட்டால் எந்தக் கருவூலமும் தாங்காது. செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் ட்ரோன்களைத் தடுக்க அமெரிக்கக் கடற்படை ஏவிய ஏவுகணைகளின் செலவு அந்த நாட்டிலேயே விவாதத்துக்கு உள்ளானதை நாம் பார்த்தோம்.

பெரிய ஆளில்லா விமானங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் 31 எம்கியூ-9பி விமானங்களுக்கு அமெரிக்காவுடன் இந்தியா கையெழுத்திட்டது. கடற்படைக்கு 15, ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் தலா 8. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2020 முதல் குத்தகைக்கு இயக்கப்பட்டுவந்த இதே வகை விமானங்கள், முப்பது மணி நேரத்துக்கும் மேலாக வானில் நின்று இந்தியப் பெருங்கடலின் கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்க வல்லவை. விரிந்த கடலைக் காவல் காக்க அவை தகுந்த கருவி என்பதால் கடற்படையின் பங்கை நான் மனமார ஆதரிக்கிறேன். வான்பாதுகாப்பு அடர்ந்திருக்கும் நில எல்லைகளில் அவை எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்குப் பெரும் ஐயம் உண்டு. ஏமனில் ஹூதிகள்கூட இவற்றின் மூத்த வடிவமான ரீப்பர்கள் பலவற்றைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள்.

இப்போது உதிரிபாகங்களுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. தொழில் வளரட்டும் என்ற நல்லெண்ணத்தில் திறந்துவைக்கப்பட்ட அந்த வழியாகச் சீன மோட்டார்களும் சீன வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளும் சீன பேட்டரிகளும் வந்து, இங்கே பொருத்தப்பட்டு, இந்தியத் தயாரிப்பு என்ற முத்திரையோடு வெளியே போயின. விளைவு, சீன மின்னணு பாகங்கள் இருப்பதாகக் கூறி ஏறத்தாழ 230 கோடி ரூபாய் மதிப்புள்ள 400 சுமைதூக்கும் ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்கள் ரத்து செய்யப்பட்டதாக 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது. ரத்து செய்தது சரியான முடிவே. ஆனால் அந்தப் பாகங்களுக்கு ஈடாக இந்தியாவில் எதை வாங்கிப் பொருத்தியிருக்க வேண்டும் என்று கேட்டால், அன்றைய நிலையில் நேரான பதில் கிடைத்திருக்காது.

மோட்டாரை மட்டும் எடுத்துக்கொள்வோம், அது என் தொழில். ஏழு அங்குல ப்ரொப்பெல்லர் கொண்ட எஃப்பிவி ட்ரோன்களில் பரவலாகப் பொருத்தப்படும் மோட்டாரை 2807 என்று குறிப்பிடுவார்கள். மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரின் விட்டம் 28 மில்லிமீட்டர், உயரம் 7 மில்லிமீட்டர் என்று பொருள். உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் வெளியே தெரியாது. மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கி, அதன் 12 பற்களிலும் எனாமல் பூசிய காப்பர் கம்பியைச் சுற்றி, வெளியே சுழலும் கூட்டின் உட்புறத்தில் 14 நியோடிமியம் காந்தத் துண்டுகளைத் துருவம் மாறி மாறி வருமாறு ஒட்ட வேண்டும். பம்ப் மோட்டார்களுக்கு நாங்கள் எடுக்கும் ஸ்டாம்பிங், அதாவது அச்சில் வெட்டிய தகடு, அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது, இதற்கு 0.2 மில்லிமீட்டரோ அதற்கும் மெல்லியதோ வேண்டும், இல்லையென்றால் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் வேகத்தில் தகடே சூடேறி மின்சாரத்தைத் தின்றுவிடும். வெளிநாட்டு மோட்டார் ஒன்றைப் பிரித்து எங்கள் பட்டறையில் வைண்டிங் செய்யும் பெண்களிடம் காட்டியபோது, அவர்களில் மூத்தவர் கம்பிச் சுற்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதச் சுத்திரலாம்ங்க, காந்தத்துக்கு எங்கீங்க போறது?" என்று கேட்டார். தொழிலின் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஒரு ட்ரோனுக்கு நான்கு மோட்டார். மோட்டாருக்கு 14 காந்தங்கள். மாதம் 10,000 ட்ரோன் செய்ய 40,000 மோட்டார்களும் 5,60,000 காந்தத் துண்டுகளும் தேவை. உலகில் இவ்வகைக் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் செய்யப்படுகிறது. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகளே திணறிப்போயின. சீனாவுடன் நமக்கு எந்த மோதலும் இல்லாதபோது நேர்ந்த நெருக்கடி அது. எல்லையில் பகைமூண்ட நேரத்தில் என்ன ஆகும் என்பதைத் திட்டமிடுவோருக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் ஓர் அரிய மண் தனிமமே; அதற்கு மூலப்பொருள் நம்மிடமே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் அது கலந்திருக்கிறது. அங்கே பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் நெடுங்காலமாக இயங்குகிறது. உயர் வெப்பத்தைத் தாங்கும் காந்தங்களில் சேர்க்கப்படும் டிஸ்புரோசியம் என்ற தனிமம் நம் மணலில் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை பறந்து வெடித்துவிடும் ட்ரோனின் மோட்டார் மின்கார் மோட்டாரைப் போலப் பத்தாண்டுகள் வெப்பத்தைத் தாங்க வேண்டியதில்லை; டிஸ்புரோசியம் குறைந்த, அல்லது அறவே இல்லாத காந்தமே அதற்குப் போதும். மணலிலிருந்து தனிமத்தைப் பிரிப்பதும், உலோகமாக்குவதும், பொடித்து அழுத்திச் சுட்டுக் காந்தமாக்குவதும் தனித்தனித் தொழில்கள். இவற்றில் பின்னிரண்டில்தான் நாம் பின்தங்கினோம். ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்வதை இலக்காகக் கொண்டு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்திருப்பது காலம் கடந்தாலும் வரவேற்க வேண்டிய முடிவு. அதே வேளையில், அதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் மணல் அள்ளும் திட்டத்தைக் கதிர்வீச்சு அச்சத்தாலும் வாழ்வாதாரக் கவலையாலும் மீனவ மக்கள் எதிர்த்துவருகிறார்கள். நாட்டுப் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லால் அவர்களின் வாயை அடைத்துவிடக் கூடாது. கதிர்வீச்சு அளவுகளை வெளிப்படையாக வைத்து, அவர்களின் ஒப்புதலோடு நடக்க வேண்டிய வேலை இது.

கொள்முதல் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் சொந்த தபஸ் ஆளில்லா விமானத்துக்கு 2011-இல் அனுமதி கிடைத்தது. அது முதன்முதலில் பறந்தது 2016-இல். 30,000 அடி உயரம், 24 மணி நேரம் என்ற படைகளின் எதிர்பார்ப்பை அதன்பிறகும் அது எட்டவில்லை. இதற்காக விஞ்ஞானிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. இயந்திரமும் பல முக்கியக் கருவிகளும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்த நிலையில் அவர்கள் வேலை செய்தார்கள். மறுபுறம், சிந்தூருக்குப் பிறகு அவசரக் கொள்முதல் அதிகாரத்தின் கீழ் 2025 ஜூனில் 1,981.90 கோடி ரூபாய்க்கு 13 ஒப்பந்தங்கள் விரைவாக முடிக்கப்பட்டன. அவசரத்தில் முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியவில்லை என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலாட்படைப் பட்டாலியன்களில் 'அஷ்னி' என்ற ட்ரோன் பிளாட்டூன்களை ராணுவம் அமைத்துவருகிறது. மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் பயிற்சியிலேயே ட்ரோன்கள் உடையும், உடைய வேண்டும், உடைத்துவிடுவோமோ என்று அஞ்சி அலமாரியில் பூட்டிவைக்கும் படைப்பிரிவில் திறமையான இயக்குநர் உருவாக மாட்டார். ஆகவே, போரில்லாத ஆண்டுகளிலும் ஒவ்வொரு மாதமும் ஒரே சீராக ட்ரோன்களையும் உதிரிபாகங்களையும் வாங்கும் ஏற்பாடு தேவை. அந்த மாதாந்திர ஆர்டர்தான் தொழிற்சாலைகளை உயிரோடு வைத்திருக்கும். போர் வந்தால் உற்பத்தியைப் பத்து மடங்காக்க அடித்தளமும் அதுவே.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்கள் உள்ளன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானச் சோதனை மையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. முழு ட்ரோனைக் கொண்டுவரும் பெரிய நிறுவனத்துக்கு மட்டுமன்றி, ஒரே ஒரு மோட்டாரையோ ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையோ எடுத்துவரும் சிறு பட்டறைக்கும் அம்மையம் குறைந்த கட்டணத்தில் சோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். எந்தெந்த உதிரிபாகம், என்ன அளவில், என்ன தரத்தில், ஆண்டுக்கு எத்தனை தேவை என்ற பட்டியலை ராணுவம் வெளியிட வேண்டும். ரகசியம் காக்க வேண்டியது ட்ரோனின் மென்பொருளும் பயன்படுத்தும் உத்தியும்தான், 28 மில்லிமீட்டர் ஸ்டேட்டரில் ரகசியம் ஏதும் இல்லை. பம்ப்செட்டுக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் பெயர்பெற்ற கோவையில் அச்சு செய்பவர், தகடு வெட்டுபவர், வைண்டிங் செய்பவர் எல்லாரும் சில கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிறார்கள். எல்லையில் ஒரு ஜவான் மோட்டார் சூடேறுகிறது என்று சொன்னால், அடுத்த மாதமே மாற்றிச் செய்து தரக்கூடிய அமைப்பு இது.

இறுதியாக ஒரு கோரிக்கை. பத்து லட்சம் ரூபாய் ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு அதற்கான பணத்துக்கு எட்டு மாதம் காத்திருக்கும் வசதி சிறு பட்டறைகளுக்குக் கிடையாது. காப்பரை ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறோம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. ட்ரோன் உதிரிபாக ஆர்டர்களில் பெரிய நிறுவனத்துக்கு அரசு வழங்கும் தொகையிலிருந்தே சிறு பட்டறையின் பங்கு நேரடியாகப் பிரிந்து வந்துசேரும்படி ஒப்பந்தத்தில் ஒரு விதியைப் பாதுகாப்பு அமைச்சகம் சேர்த்தால், காந்தத்தை எங்கே தேடுவது என்ற கவலையோடு மட்டும் எங்களால் வேலையைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
மோட்டார் உதிரிபாக உற்பத்தியாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.