காட்டேரியை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், செத்த பிறகும் எழுந்துவந்து ரத்தம் குடிக்கிற சினிமா வேம்பயர்கள் இப்போது எவ்வளவு அழகாகிவிட்டன என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாகவே இருந்தன, தலைப்புதான் சரியில்லை. கொட்டை எழுத்தில் ‘அழகான ரத்தக் காட்டேரிகள்’. பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி மகள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, “அத்தை, அப்போ நம்ம குலசாமி வேம்பயரா?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எங்கள் குலசாமி காட்டேரியம்மன். சேலம், தருமபுரிப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை, உங்கள் அலுவலகத்திலேயே விசாரித்தால் இரண்டு பேராவது தேறுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், வளைகாப்புக்கு முன்னால் காட்டேரிக்குப் படையல் போட்டாக வேண்டும். கொல்லைப்புறத்தில், விளக்கு வைத்த பிறகு, புது முறத்தில். முருங்கைக்கீரை, அவித்த முட்டை, சுட்ட கருவாடு, களி உருண்டை, ஓரத்தில் கறுப்பு வளையல். கருவாட்டு வாசம் தெருமுனை வரைக்கும் போகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மந்திரமெல்லாம் கிடையாது. “வயித்துல இருக்கிறதை நீதான் காப்பாத்தணும் தாயி” என்று அம்மா சொல்வார், அவ்வளவுதான். பயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. பாட்டி எங்களுக்குச் சோறு ஊட்டியதே காட்டேரி அடிச்சிடும் என்று மிரட்டித்தான், ரத்தம் குடிக்கிற கதையும் அவர் சொன்னதுதான். ஆனால் அது கோபக்காரப் பெரிய மனுஷியிடம் இருக்கிற பயம், கவனித்துக்கொண்டால் கூடவே நிற்பாள்.

வேம்பயர் சமாச்சாரம் வேறு. 1732-ல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பியக் கிராமம் ஒன்றில் புதைகுழிகளைத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்களே, அதில் இருப்பது உடல் உப்பி, உள்ளே ரத்தம் உறையாமல் கிடந்த சாதாரணக் குடியானவர்களின் பிணங்கள். அதற்குக் கோட்டு மாட்டிவிட்டவர்கள் எழுத்தாளர்கள். கவிஞர் பைரனுக்கு மருத்துவராக இருந்த ஜான் பாலிடோரியின் கதை 1819-ல் வந்தது, அதில் பிணம் பிரபுவாகி விருந்துகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா. அந்த நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான், பகலில் சக்தி கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். வெயில் பட்டால் சாவான் என்பது ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப்படம் 1922-ல் கொண்டுவந்த சங்கதி. நீங்கள் அதை ஆதிகாலத்து நம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் திருத்திவிடுங்கள். 2005-ல் ட்வைலைட் நாவல் வந்ததும் வெயிலில் சாவதும் போய், வைரம் மாதிரி மின்ன ஆரம்பித்துவிட்டார்கள். கதாநாயகன் வீட்டில் மனுஷ ரத்தம்கூட வேண்டாமாம், காட்டு மிருகமே போதுமாம்! சில தொடர்களில் வெள்ளி பட்டால் சுடுகிறது என்கிறார்கள். அப்படியானால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளாக இருக்கிற எங்கள் ஊருக்குள் எதுவும் கால் வைக்காது, நிம்மதி.

நான் இந்தப் படங்களைப் பார்க்காதவள் இல்லை. ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன், சினிமா பிடிக்காமல் இருக்குமா? வயிற்றெரிச்சல் எதில் என்றால், அவர்கள் அழுகின பிணத்தை ஜோடித்து ஜோடித்துக் காதலனாக்கி வைத்திருக்கிறார்கள், நாம் ஒரு வார்த்தை கிடைக்காத அவசரத்துக்குக் கும்பிடுகிற சாமியின் பெயரை எடுத்து அதற்கு வைத்துவிட்டோம். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகத் தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவுக்குக் கப்பலேறினவர்கள் மாரியம்மனோடும் மதுரை வீரனோடும் காட்டேரியையும் கூட்டிப்போனார்கள். தமிழே மறந்துபோன அவர்கள் வம்சத்தார் இன்றைக்கும் அவளை அம்மா என்றுதான் கும்பிடுகிறார்கள்.

அதனால் வேம்பயரை வேம்பயர் என்றே எழுதுங்கள். பஸ்ஸும் காபியும் எழுதுகிற கைக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. தமிழ்ப்பெயர்தான் வேண்டும் என்றால் வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘ரத்தக்குடியன்’ என்றாள் என் தம்பி மகள். டாஸ்மாக் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றேன்.

அவள் அக்காவுக்கு அடுத்த மாதம் ஏழு. முறம் வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை கருவாடு சுடுவது நீதான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், சிரித்தாளே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்