முனியம்மா என்றால் சிரிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் சினிமாப் பாட்டில் வரும் பெண் பெயர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கண்ணம்மாவுக்குப் பாரதியார் படத்தோடு அரைப் பக்கம். மீனம்மாவுக்கு 1989 'ராஜாதி ராஜா', 1995 'ஆசை' என்று நீளமாக இரண்டு பத்தி. எங்களுக்குக் கடைசியில் ஒரே வரி: "முனியம்மா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?"

எனக்கு வராது ஐயா. அது என் பெயர்.

என்ன பாட்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984-இல் 'வாங்க மாப்பிள்ளை வாங்க' படத்தில் டி.கே.எஸ். நடராஜன் பாடிய 'என்னடி முனியம்மா உன் கண்ணுல மையி'. நான் அப்போது இங்கே மலேசியாவில் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு என் மர வரிசைக்கு, நிரைக்குப் போய்விடுவேன். கேசட் வந்த பிறகு பின்னால் நிற்கிறவன் "என்னடி முனியம்மா" என்று இழுப்பான். ஒருநாள் கணக்கெழுதும் கிராணியே கண்ணில் மை இருக்கிறதா என்று டார்ச்லைட்டை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். விடியாத நேரம். இடுப்பில் தொங்கும் கொசுவத்திப் புகையில் கண் எரிகிறது. மைக்கு எங்கே போவேன்?

சரி, நாளாவட்டத்தில் மறந்துவிடுவார்கள் என்று பார்த்தால், 2006-இல் 'வாத்தியார்' படத்தில் அதே பாட்டு மறுபடியும். இப்போது கல்யாண மண்டப டிஜேக்களுக்கு அதுதான் பிழைப்பு. என் தங்கச்சி மகன் கல்யாணத்தில் அட்சதை போட மேடை ஏறுகிறேன், எவனோ சொல்லிக்கொடுத்து அதைப் போட்டுவிட்டான். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்வது?

நடராஜன் ஐயா மேல் எனக்குக் கோபமில்லை. 2021-இல் காலமாகிவிட்டார், போனவரைப் பேசக்கூடாது. தப்படிக்கிற பாட்டையும் நான் குறை சொல்லவில்லை, அது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் பாட்டு. ஆனால் கண்ணம்மா என்றால் உருகுகிறார்கள், மீனம்மா என்றால் கொஞ்சுகிறார்கள். தோட்டத்துப் பெயர் என்றால் மட்டும் "என்னடி"யா? என் தங்கச்சி அஞ்சலைக்கு 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்தின் 'அஞ்சல' பாட்டு வந்ததிலிருந்து இதே கதிதான். சென்னையில் வெள்ளைக்காரத் தளபதி நீல் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் பெற்ற மகளோடு ஜெயிலுக்குப் போன கடலூர் அஞ்சலையம்மாளை உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமலா இருக்கும்? இடம் போதவில்லை போலும்.

அவ்வளவு தூரம் போவானேன். 2003-இல் 'தூள்' படத்தில் பாடிய பரவை முனியம்மா யார்? கலைமாமணி விருது வாங்கிய பாட்டுக்காரி. அவர் 2020-இல் மறைந்தபோது உங்கள் பத்திரிகையில்தான் படம் போட்டு எழுதினீர்கள், கத்தரித்து வைத்திருக்கிறேன். பாட்டையும் பெயரையும் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு அந்தப் பாட்டியின் நினைவுகூட வரவில்லை.

முனியாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டு எனக்கு வைத்த பெயர் இது. அடையாள அட்டையில், ஐ.சி.யில் அதை 'முனிமா' என்று எழுதிக்கொடுத்தார்கள். அதைத் திருத்த அலைந்த கதையை எழுதினால் உங்கள் மலர் முழுவதும் நிரம்பிவிடும். பேத்தி பிறந்தபோது என் பெயரையும் சேர்த்து வைக்கலாமே என்றேன். "பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவாங்க அத்தை" என்றாள் மருமகள். குழந்தைக்கு இப்போது 'ஷ்' வருகிற ஏதோ பெயர். எனக்கே சரியாக வாயில் நுழைவதில்லை. எங்கள் ஊரின் பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பெயரைக்கூட, கேட்டவர்கள் சிரிக்கிறார்கள் என்று 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள். ஊருக்குப் பலகையை மாற்றினால் முடிந்தது. நான் எங்கே போய் மாற்றுவது? எதற்காக மாற்ற வேண்டும்?

மறுப்பு, வருத்தம் எதுவும் போட வேண்டாம். போன வருஷம் நான் எழுதிய கடிதத்தின் கீழே "திருமதி எம்., சிலாங்கூர்" என்று போட்டீர்கள். இந்தத் தடவை பெயரை முழுசாகப் போடுங்கள். ஞாயிறு மலரில் குறுக்கெழுத்துக்கு விடை வருவதும் நின்றுபோயிருக்கிறது, அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
முனியம்மா
பெஸ்தாரி ஜெயா (எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்), சிலாங்கூர்