உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதையாவது சொல்லுங்கள்

சியோலிலும் பியோங்யாங்கிலும் உள்ள செஞ்சிலுவைச் சங்கத்தாருக்கு,

வணக்கம். உங்கள் அரசுகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1953 ஜூலை 27இல் கொரியப் போரை நிறுத்தக் கையெழுத்து ஆன பிறகு, தென்கொரியாவும் வடகொரியாவும் முதன்முதலில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது 1971இல், உங்கள் மூலமாகத்தான். எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் அன்று பேச்சுக்கு வந்தது, எல்லைக்கு இரு பக்கமும் பிரிந்துபோன குடும்பங்களின் விவகாரம். அமைச்சர்களும் தளபதிகளும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

நான் சென்னையில் இருப்பவன். கொரியா எங்களுக்கு எங்கோ இருக்கும் நாடு மட்டும் அல்ல. போர் முடிந்ததும், தாயகம் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காத்தது இந்தியப் படை. அவர்களின் கதியை முடிவு செய்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஜெனரல் திம்மையா. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 76 கொரியர்களும் 12 சீனர்களும் நம் வீரர்களோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிறகு பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். பெற்ற தாய்க்கு அவர்கள் எங்கே போனார்கள் என்ற தகவலாவது போய்ச் சேர்ந்திருக்குமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தெற்கில் குடும்பத்தைத் தேடித் தரச் சொல்லிப் பதிவு செய்தவர்கள் 1,30,000க்கும் மேல். இன்று அதில் உயிரோடு இருப்பவர்கள் 40,000க்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் 80 வயதைத் தாண்டியவர்கள். பிரிந்த குடும்பங்களின் கடைசிச் சந்திப்பு நடந்தது 2018 ஆகஸ்டில், வடக்கில் உள்ள கும்காங் மலையில். அப்போது பதிவில் உயிரோடு இருந்த ஏறக்குறைய 57,000 பேரில் முதல் சுற்றுக்குத் தேர்வானவர்கள் 93 பேர். கணினிக் குலுக்கல்! கூடப்பிறந்தவரைப் பார்ப்பதற்குக் குலுக்கல். போய்ச் சேர்ந்தவர்கள் 89 பேர்.

அந்தக் கூடத்தில் 92 வயதுத் தாய் ஒருவர் 71 வயது மகனைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்தபோது பையனுக்கு நான்கு வயது. மகன் தன் அப்பாவின் புகைப்படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். போர்க்காலக் கூட்ட நெரிசலில் பிரிந்துபோன கணவரை அந்த அம்மா படத்தில்தான் திரும்பப் பார்க்க முடிந்தது. மூன்று நாளில் மொத்தம் சுமார் 11 மணி நேரம் கொடுத்தார்கள். அப்புறம் பேருந்து. உள்ளே இருப்பவர் கண்ணாடியில் கை வைக்க, வெளியே இருப்பவர் அதே இடத்தில் கை வைக்க, வண்டி நகர்ந்துவிடும். அதன் பிறகு கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது. இதை மனிதாபிமானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதுவும் நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. 2018 செப்டம்பரில் நிரந்தரச் சந்திப்பு மையம் திறப்போம், காணொலிச் செய்திகள் அனுப்புவோம் என்று இரு தலைவர்களும் பியோங்யாங்கில் ஒப்புக்கொண்டார்கள். நடந்தது வேறு. 2020இல், வடக்கின் கேசோங் நகரில் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த தொடர்பு அலுவலகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2023 ஏப்ரலிலிருந்து வடக்கு தொலைபேசியை எடுப்பதில்லை. இரு தரப்பும் செய்துகொண்ட இராணுவ ஒப்பந்தம் கிழிந்தது. தெற்கிலிருந்து துண்டறிக்கைப் பலூன், வடக்கிலிருந்து குப்பைப் பலூன், எல்லையில் ஒலிபெருக்கி. 2024 அக்டோபரில் இரண்டு பக்கத்தையும் இணைத்த சாலைகளும் தகர்ந்தன. கும்காங் மையத்தையே இடிக்கிறார்கள் என்ற செய்தியும் வந்துவிட்டது.

பியோங்யாங்கில் இருப்பவர்களே, இனி ஒன்றுசேர்வது என்ற பேச்சே இல்லை, இரண்டும் பகை நாடுகள் என்று உங்கள் தலைமை அறிவித்துவிட்டது. சரி, உங்கள் வார்த்தையிலேயே வைத்துக்கொள்வோம். பகை நாடுகளுக்கிடையே தபால் போகாதா? பெர்லின் சுவர் நின்ற காலத்திலும் இரு ஜெர்மனிகளுக்கிடையே கடிதம் போனது. 1964 முதல் கிழக்கில் இருந்த ஓய்வூதியர்கள் மேற்கில் உறவினரைப் பார்த்துவரவும் முடிந்தது. 2013 செப்டம்பரில், மூட்டை கட்டி வைத்திருந்த கிழவர்களை, சந்திப்புக்கு நான்கே நாள் இருக்கும்போது நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். அவர்கள் எந்த ஏவுகணைக்குப் பொறுப்பு?

சியோலில் இருப்பவர்களே, ஒலிபெருக்கிகளை 2025இல் உங்கள் அரசு கழற்றியது நல்ல காரியம். ஆனால் ஆட்சி மாறும்போதெல்லாம் வடக்கைப் பற்றிய கொள்கை தலைகீழாக மாறுவதும், ஒவ்வொரு முறையும் முதியவர்கள் காத்திருப்பதும் உங்கள் பக்கத்துப் பிழை. இந்த ஒரு வேலையையாவது எந்தக் கட்சி வந்தாலும் நிறுத்த முடியாத வேலையாகப் பிரித்து வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

நான் கேட்பது பெரிய சந்திப்பு விழா அல்ல. அதற்கு இரு பக்கத் தலைவர்களும் சம்மதிக்க வேண்டும், எனக்குத் தெரியும். பெயர்ப் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளுங்கள். யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்தார், எந்தத் தேதியில். அவ்வளவுதான்.

தேதி ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடாவருடம் இறந்த நாளில் பெற்றோருக்குப் படையல் வைக்கும் மரபு உங்களுடையது. எங்கள் வீடுகளில் திதி கொடுப்பதைப் போல. வடக்கில் பிறந்து தெற்கில் மாட்டிக்கொண்டவர்களில், இறந்த தேதி தெரியாததால் அம்மாவின் பிறந்தநாளிலேயே படையல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சூசோக் என்னும் அறுவடைப் பண்டிகைக்கு, தெற்கில் எல்லைக்கருகே உள்ள இம்ஜின்காக் படையல் மேடையின் முன் வடக்கு பார்த்து விழுந்து கும்பிடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு, தாங்கள் நினைத்துக் கும்பிடும் அண்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

தகவல் மட்டும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை 1983இல் உலகமே பார்த்தது. தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்தவர்களைத் தேடி 138 நாள் நடத்திய நிகழ்ச்சியில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. சியோலின் யோயிதோ பகுதியில் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் சுவர் முழுக்கக் கையால் எழுதிய தாள்கள்: பெயர், சொந்த ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் தெற்கிலேயே, ஒரே நாட்டுக்குள் இருந்தவர்கள்.

உங்களாலும் முடியும், செய்தும் இருக்கிறீர்கள். 2001 மார்ச்சில் பக்கத்துக்கு 300 கடிதங்களைப் பன்முன்ஜோமில் கைமாற்றினீர்கள். தெற்கில் முதியவர்களின் காணொலிச் செய்திகளும் மரபணு மாதிரிகளும் சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. பன்முன்ஜோமில் உங்களுக்கென்றே ஒரு தொலைபேசி வழி இருக்கிறது, வடக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நேரடியாகப் பேச முடியாவிட்டால் ஜெனீவாவில் உள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு வழியாகப் பட்டியலை அனுப்புங்கள். 90 வயதைத் தாண்டியவர்களின் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒருவன்