ஹார்ட் டிஸ்க் ரெக்கவரி புகார்: ரீஃபண்டும் வேணும், பதிலும் வேணும்

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு

பொருள்: 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எமர்ஜென்சி பிளான், மதுரை சென்டர்ல கொடுத்தது

வணக்கம் சார். இது நான் அனுப்புற நாலாவது மெயில். முதல் மூணுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரே பதில்தான். இதையாவது ஒரு மனுசன் படிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

திருமங்கலத்துல சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கேன். பழைய கல்யாண ஃபோல்டர அழிக்கப்போய் பக்கத்துல இருந்த "அப்பா" ஃபோல்டரையும் சேத்து ஷிப்ட் டெலிட் அடிச்சிட்டேன். ரீசைக்கிள் பின்லயும் இல்ல. அதுல இருந்தது எங்க அப்பா 1987ல இருந்து எடுத்த நெகட்டிவ் எல்லாம் நான் ராத்திரி ராத்திரியா உக்காந்து ஸ்கேன் பண்ணது சார், நெகட்டிவ் பூஞ்சை புடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். எங்க ஊரோட முப்பது வருச சரித்திரமே அதுலதான் இருந்துச்சு.

உடனே கேபிள புடுங்கிட்டேன். டெலிட் பண்ணாலும் படம் டிஸ்க்லயேதான் கெடக்கும், அந்த இடம் காலின்னு மட்டும்தான் குறிச்சுக்கும், மேல வேற எதையாவது எழுதுனாதான் போகும், இது எனக்கே தெரியும். அதனாலதான் உங்க ஃபார்ம்ல பேனாவால "இந்த டிஸ்க்ல எதையும் காப்பி பண்ணாதீங்க"ன்னு எழுதி கையெழுத்து போட்டேன். ஜெராக்ஸ் வச்சிருக்கேன்.

பத்து நாள்னு சொன்னீங்க. இருபத்தி ரெண்டாவது நாள் கேட்டா டிஸ்க் சென்னை லேப்க்கு போயிருச்சு, அங்க போய் பேசுங்கன்னாங்க. ஆவணி முகூர்த்த ஆர்டர் ஒண்ண விட்டுட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி விடியக்காலையில எழும்பூர்ல இறங்கி, உங்க ஆபீஸ் திறக்குற வரைக்கும் வாசல்ல நின்னேன். மதியம் ரெண்டு மணி வரைக்கும் உக்கார வச்சிட்டு "சார் டிஸ்க் மதுரைலயேதான் இருக்கு, இன்னும் அனுப்பவே இல்ல"ன்னு சொன்னாங்க. மதுரை எனக்கு அரை மணி நேர பஸ் சார்!

அத கேக்க போன் பண்ணப்பதான் உங்க சப்போர்ட்ல ஒருத்தர் சொன்னார், "அழிச்சது உங்க கை சார், எங்கள ஏன் கத்துறீங்க". ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஆமா என் கைதான் அழிச்சுச்சு, நான் எங்கயும் மறைக்கல. அப்பா போய் ரெண்டு வருசம் ஆச்சு, அந்த வார்த்தைய கேட்டதுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. அவர் பேர் எனக்கு தெரியாது, கால் ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்கும், கேட்டுப்பாருங்க.

டிஸ்க் திரும்பி வந்துச்சு. போட்டு பாத்தா அதே டிஸ்க்ல "ரெக்கவர்டு"னு 46 ஜிபிக்கு ஒரு ஃபோல்டர், தேதி நீங்க வேலை பாத்த தேதி. எந்த இடத்துல எழுதக்கூடாதுன்னு எழுதிக்கொடுத்தேனோ அங்கயே கொண்டுபோய் கொட்டியிருக்கீங்க. முதல்ல டிஸ்க்க செக்டர் செக்டரா இமேஜ், அதாவது அச்சு அசலா ஒரு முழு காப்பி, எடுத்துட்டு அந்த காப்பியிலதானே வேலை பாக்கணும், எடுத்தத வேற டிஸ்க்லதானே போடணும்? தெருவுல மொபைல் கடை வச்சிருக்க பையனே சொல்றான், உங்களுக்கு தெரியாதா? படங்கள தெறந்தா பாதி முகம், பாதி சாம்பல் கலர். நெறைய தெறக்கவே இல்ல. பேரெல்லாம் வெறும் நம்பர்.

இதுக்கு 8,500 ரூபா, ஜிஎஸ்டி தனி. "டேட்டா வரலன்னா காசு வேண்டாம்"னு உங்க விளம்பரத்துலயே போட்டிருக்கீங்க, கேட்டா "11,000 ஃபைல் குடுத்தோமே"ன்னு கணக்கு சொல்றீங்க. தெறக்காத படம் எப்படி சார் கணக்குல வரும்?

உங்க மேல எனக்கு விரோதம் இல்ல, தயவுசெஞ்சு ஒரு சீனியர் இன்ஜினியர் என்கிட்ட பேசணும், இமேஜ் எடுத்தீங்களா இல்லையான்னு எழுத்துல சொல்லணும், முழு பணமும் திரும்ப வரணும். பதினஞ்சு நாள் பாப்பேன். இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போயிருவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் இருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், மறுபடி மெட்ராஸ் வந்து உங்க வாசல்ல நிக்க வேண்டியதில்ல.

டிஸ்க்க அதுக்கப்புறம் நான் ஆன் பண்ணல, சுத்தி பீரோல வச்சிருக்கேன். ஒரு படமாவது முழுசா எடுக்க முடியும்னா ஆள் அனுப்புங்க, நானே கையில குடுக்குறேன். கொரியர்ல போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்,
திருமங்கலம்